பத்து வயதுக் குதிரையை இன்னும் ரேஸில் ஓட விடுவது கொடுமை இல்லையா?

அடுத்த வார ரேஸ் பட்டியலில் ஒன்பது, பத்து வயதுக் குதிரைகளின் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, கிழட்டுக் குதிரைகளை ஏன் இன்னும் விரட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பட்டியலை மட்டும் பார்த்தவர் என்று நினைக்கிறேன். நான் ஓசூர் மத்திகிரி பக்கம். பெங்களூருவில் பதினாறு வருடம் சயீஸாக, அதாவது குதிரை பார்க்கிற ஆளாக இருந்தேன்.

முதலில் ஒன்று. நன்றாக வைத்திருந்தால் குதிரை 25, 30 வருடம் இருக்கும். பத்து வயது கிழம் கிடையாது. நாலு, ஐந்து வயதில் இருந்த வேகம் பிறகு குறையும், உண்மைதான். ஆனால் வேகம் குறைந்தால் ரேட்டிங், அதாவது குதிரையின் திறமைக்குப் போடும் மதிப்பெண், இறங்கும், அப்போது கீழ் வகுப்பில் தனக்குச் சமமான குதிரைகளோடுதான் ஓடும், முதுகில் எவ்வளவு எடை என்பதையும் ரேட்டிங்கை வைத்துத்தான் போடுவார்கள். அதனால் வயதான குதிரையும் ஜெயிக்கும். இங்கிலாந்தில் கிராண்ட் நேஷனல் ரேஸை ரெட் ரம் என்ற குதிரை மூன்றாவது முறை ஜெயித்தபோது அதற்கு 12 வயது, 1977ல். அது தடை தாண்டும் ரேஸ், அங்கே குதிரைகள் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும் என்று யாராவது கிளம்பி வருவார்கள். சரி, சமதரை ரேஸிலேயே சொல்கிறேன். அமெரிக்காவில் ஜான் ஹென்றி என்ற குதிரை 1984ல் அந்த வருடத்தின் சிறந்த குதிரை என்று பெயர் வாங்கியது, வயது ஒன்பது. இரண்டும் காயடித்த குதிரைகள். காயடிக்காத ஆண் நாலு பெரிய ரேஸ் ஜெயித்தால் பொலிக்குப் போய்விடும், காயடித்ததற்கு அந்த வழி இல்லை. பட்டியலில் வயதான பெயர்கள் பெரும்பாலும் இவைதான்.

இதற்கே என்னை ரேஸ்காரன் என்று திட்டுவார்கள், தெரியும். நான் ஒரு ரூபாய்கூடக் கட்டியதில்லை. என் தங்கைக்குக் காவேரிப்பட்டணத்தில் பேசி முடித்த இடம், அண்ணன் ரேஸில் இருக்கிறான் என்ற ஒரே பேச்சில் தட்டிப்போனது. அம்மா அன்றைக்கு அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. பொங்கல் முடிந்து எருது விடும் விழாவுக்கு மாட்டைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு எங்கள் ஊரில் எவ்வளவு மரியாதை! அந்த மாட்டுக்கும் கால் உடையத்தான் செய்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, தேய்த்துவிட்டு, கொள்ளு வைத்தவன் மட்டும் சூதாடி.

நான் பார்த்த குதிரையை லாயத்தில் ராஜா என்று கூப்பிடுவோம். காயடித்தது, நெற்றியில் இரட்டைச் சுழி. காலை ஓட்டம் முடிந்ததும் முன்கால்களின் பின்பக்க நரம்பை, அதாவது தசைநாணை, மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பேன். சூடு இருந்தால் ஆபத்து. பக்கத்து லாயத்தில் மூன்று வயதுக் குட்டி ஒன்றுக்குச் சூடு தெரிந்து சயீஸ் சொல்லியும், பெயர் கொடுத்தாகிவிட்டது என்று டிரெயினர் ஓட்டினார். மூன்று காலில்தான் திரும்பி வந்தது. அந்த நரம்பு கூடுவதற்கு ஒரு வருடம்கூட ஆகும், கூடினாலும் பழைய பலம் வராது. ராஜா பத்து வயது வரை ஓடியது, ஒரு நாள்கூட அந்தச் சூடு இல்லை. வயது கூடக்கூட நரம்பு சீக்கிரம் போகும் என்பதை நான் மறுக்கவில்லை, அதனால்தான் தினமும் தொட்டுப் பார்க்கிற கை வேண்டும் என்கிறேன். கொடுமையா இல்லையா என்பதை நான் அந்தக் கையை வைத்துத்தான் சொல்வேன்.

ஓடுவதை நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, எனக்கு வலிப்பது அங்கேதான். ராஜாவை நிறுத்தியதும் ஓனர் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து தர்மபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலத்தில் சரிகைத் துணி போர்த்தி, பேண்டு சத்தத்துக்கும் சரவெடிக்கும் நடுவில் ஒரு குதிரை நடுங்கிக்கொண்டு நின்றது. அதே இரட்டைச் சுழி. ரேஸில் லேசான அலுமினிய லாடம் போட்டு மண்ணிலும் புல்லிலும் ஓடிய கால், இங்கே தேய்ந்துபோன இரும்பு லாடத்தோடு தார் ரோட்டில். குளம்பு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன். மறுநாள் ஓசூரிலிருந்து லாடம் கட்டுகிறவரைக் கூட்டிப் போய் என் காசில் மாற்றிவிட்டேன். வைத்திருந்தவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விலை கேட்டேன், அவர் சொன்ன தொகை என்னிடம் இல்லை.

அடுத்த தை மாதம் பணம் புரட்டிக்கொண்டு போனபோது அவரிடம் வேறு குதிரை நின்றது. ராஜாவை ஆந்திராவில் குப்பம் பக்கம் ஒருவருக்கு விற்றுவிட்டேன் என்றார். போன் நம்பர் கேட்டேன், இல்லை என்றார்.