1,92,000 கி.மீ. ஓடிய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த கிளட்ச்?

கிளட்ச் பற்றி ஒரே மாதத்தில் இத்தனை கடிதங்களா! சரி, இந்த முறை முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2010 நிஸான் 370இசட், ஆறு கியர் மேனுவல். 1,92,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, கம்பெனியில் போட்டு வந்த கிளட்ச் இன்னும் மாற்றவில்லை. வேலைக்கும் கடைக்கும் இதைத்தான் ஓட்டுகிறேன். ஐந்தாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறுவதில்லை. வெயில் நாளில் டிராஃபிக்கில் நின்றால் கிளட்ச் பெடல் பாதியிலேயே நின்றுவிடுகிறது, முதல் கியர் விழ மறுக்கிறது. கராஜில் 'ஸ்டேஜ் 3' கிளட்சும் எடை குறைந்த ஃப்ளைவீலும் போடச் சொல்கிறார்கள். நான் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மட்டும்தான் மாற்றியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
— ஸ்கார்பரோ வாசகர், கனடா

பதில்: ஸ்டேஜ் 3 வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனி வியாதிகள் இருக்கின்றன, கராஜ்காரர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. 1,92,000 கிலோமீட்டர் தாங்கியதே பெரிய விஷயம், நீங்கள் பக்குவமாக ஓட்டியிருக்கிறீர்கள். ஆனால் பெடல் பாதியில் நிற்பது தேய்ந்த பிளேட்டின் (எஞ்சினின் சுழற்சியை உரசிப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் தட்டு) வேலை இல்லை. அது ஹைட்ராலிக் கோளாறு, அதாவது மிதிக்கிற விசையை ஆயில் மூலம் கிளட்சுக்குக் கொண்டுபோகிற ஏற்பாட்டில் கோளாறு, 370இசட் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு. இதற்கு முந்தைய மாடலான 350இசட்டில், 2006 வரை வந்த கார்களில், ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயிலின் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பாகம்) கியர்பாக்ஸுக்கு வெளியே போல்ட் போட்டு மாட்டியிருக்கும், கெட்டால் காரைத் தூக்கிக் கழற்றி மாற்றிவிடலாம். 370இசட்டில் அது வளையம் மாதிரி கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி, பெல் ஹவுசிங்குக்கு (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறை) உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பிளாஸ்டிக் உடம்பு, சுற்றிலும் கிளட்சின் சூடு. சீல் தேய்ந்து கசிய ஆரம்பித்தால் பெடல் தொங்கும், சில நாளில் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும், கால் விரலை அடியில் விட்டு மேலே இழுக்க வேண்டியிருக்கும்.

பானெட்டைத் திறந்து கிளட்சுக்கென்று தனியாக இருக்கும் சின்ன ஆயில் டப்பாவைப் பாருங்கள். உள்ளே இருப்பது தேன் நிறத்தில் இல்லாமல் கறுத்துப் போயிருந்தால், அளவும் குறைந்திருந்தால், சந்தேகமே வேண்டாம். இன்னொன்று, அங்கிருந்து கசிகிற எண்ணெய் பிளேட்டில் பட்டாலும் கிளட்ச் வழுக்கும். அதனால் கழற்றிப் பார்க்கும்போது பிளேட் ஈரமாக இருக்கிறதா, தேய்ந்து ரிவெட் வரைக்கும் வந்துவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஈரமாக இருந்தால் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புது பிளேட் போடுவதில் அர்த்தமில்லை.

இப்போது ஸ்டேஜ் விஷயம். பலம் கூடிய கிளட்சுகளுக்கு வைக்கும் இந்த 'ஸ்டேஜ்' என்பதற்கு பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொள்கிற பெயர், ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 1 இன்னொரு கம்பெனியின் ஸ்டேஜ் 2 ஆக இருக்கும். கேட்க வேண்டியது வேறு: எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தாங்கும், பிளேட் ஆர்கானிக்கா செராமிக்கா, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் எவ்வளவு கூடியிருக்கிறது. உங்கள் 3.7 லிட்டர் எஞ்சின் தருவது 366 நியூட்டன் மீட்டர். சைலன்சரும் ஃபில்டரும் அதில் பெரிதாக எதையும் கூட்டிவிடாது. கம்பெனி கிளட்ச் அந்த அளவுக்கு மேலேயே கொஞ்சம் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. டர்போவோ சூப்பர்சார்ஜரோ போடும் எண்ணம் இருந்தால் தனிக் கடிதம் எழுதுங்கள்.

ஸ்டேஜ் 3 என்று விற்பதில் பெரும்பாலும் செராமிக் துண்டுகள் வைத்த பிளேட்தான் வரும். ரேஸ் ட்ராக்கில் நல்லது, சூடு தாங்கும். ஆனால் அதற்கு நடுநிலை தெரியாது, விட்டால் பிடிக்கும், பிடித்தால் உதறும். 401 நெடுஞ்சாலையில் மாலை ஐந்து மணிக்கு ஊர்ந்துகொண்டே வீடு திரும்பும் மனிதருக்கு இது தண்டனை. அதோடு, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டைத் தள்ள அதிக விசை வேண்டும், அந்த விசையைக் கொடுக்க வேண்டியது யார்? ஏற்கெனவே கசிகிற அந்த ஸ்லேவ் சிலிண்டர்தான். பலவீனமான இடத்திலேயே பாரத்தை ஏற்றுகிற யோசனை இது, கராஜ்காரர் இதை எப்படி யோசிக்காமல் விட்டார் என்று தெரியவில்லை.

அடுத்து ஃப்ளைவீல், அதாவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம். உங்கள் காரில் இருப்பது டூயல் மாஸ், அதாவது நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு தட்டு. எஞ்சினின் அதிர்வை அது விழுங்கிவிடும். எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் ஆர்பிஎம் துள்ளி ஏறும், ஓட்ட ஜாலியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து கடகட என்று ஒரு சத்தம் வரும், கிளட்சை மிதித்தால் நின்றுவிடும். கெடுதல் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்காருகிறவர் ஒவ்வொரு சிக்னலிலும் "கார்ல என்ன சத்தம்?" என்று கேட்பார். என் ஓட்டு கம்பெனி மாதிரி டூயல் மாஸுக்குத்தான். பழையதை லேத்தில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லாதீர்கள், இத்தனை கிலோமீட்டருக்கு மேல் உள்ளே ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்பது மேலே தேய்த்தால் தெரியப்போவதில்லை. புதிது போடுங்கள். எதைப் போட்டாலும் ஃப்ளைவீலும் பிளேட்டும் ஜோடி என்பதை மறக்க வேண்டாம், ஒற்றை ஃப்ளைவீல் என்றால் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இருந்தே ஆக வேண்டும்.

பிராண்ட் என்று கேட்டால், நிஸானின் ஒரிஜினல் கிளட்ச், இல்லாவிட்டால் எக்செடியின் சாதாரண மாற்று கிட். எக்செடி ஜப்பான் கம்பெனி, ஒசாகா பக்கம், கார் தொழிற்சாலைகளுக்கே கிளட்ச் செய்து கொடுக்கிறவர்கள். மிச்சமாகும் பணத்தை ஸ்லேவ் சிலிண்டரில் போடுங்கள். காரை இன்னும் பல வருடம் வைத்திருப்பதாக இருந்தால் அதை வெளிப்பக்கம் கொண்டுவரும் மாற்று கிட் இருக்கிறது, உங்கள் நிலைமையில் நான் அதைத்தான் போடுவேன். இரண்டு வருடத்தில் விற்பதாக இருந்தால் புது ஒரிஜினல் போதும், வருடத்துக்கு ஒருமுறை கிளட்ச் ஆயிலை மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் பின்பக்க சீல், கியர்பாக்ஸ் முன்பக்க சீல், பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடச் சொல்லுங்கள், பாகம் மலிவு, கூலிதான் பெரிது. கியர் ஆயிலில் ஜிஎல்-4 என்ற தரக் குறி எழுதியிருக்கிறதா என்று நீங்களே டின்னைப் பாருங்கள். முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள், அதுவரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கக் கூடாது.

கேள்வி: என் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் பழைய பிளேட்டிலேயே புது லைனிங் (உரசிப் பிடிக்கும் பட்டை) ஒட்டித் தருகிறேன், பிரஷர் பிளேட் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். செலவு மிச்சம்தானே?
— கோவை வாசகர்

பதில்: லாரிக்கு ஒட்டுவார்கள், டிராக்டருக்கு ஒட்டுவார்கள். டர்போ காருக்கு ஒட்டாதீர்கள். 5,000 ஆர்பிஎம்மில் லைனிங் துண்டு கழன்றால் பெல் ஹவுசிங்குக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரஷர் பிளேட்டின் டயாஃபிரம் ஸ்பிரிங்கின் விரல் நுனிகளில் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் வந்து தள்ளும் பேரிங்) உரசிய பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், இத்தனை வருடம் ஓடிய வண்டியில் இருக்கும். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் செட்டாக மாற்றுவதுதான் முறை. ஒன்று மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி கியர்பாக்ஸ் கூலி.

கேள்வி: 370இசட்டில் தானாக ரெவ் மேட்ச் செய்யும் வசதி இருக்கிறதாமே, அது இருந்தால் கிளட்ச் அதிக நாள் வருமா?
— சிட்னி வாசகர்

பதில்: கொஞ்சம். கியரைக் குறைக்கும்போது எஞ்சின் வேகத்தைத் தானே சரியான அளவுக்கு ஏற்றிவிடுவதால் அந்த நேரத்து உரசல் மிச்சம். 370இசட்டில் ஸ்போர்ட் பேக்கேஜ் எடுத்த மேனுவல் கார்களில் கியர் லீவர் பக்கத்தில் 'எஸ்' பட்டன் இருக்கும், அதுதான். ஆனால் கிளட்ச் தேய்வது முக்கியமாக நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் காரை நிறுத்தி வைக்கும்போதும். அங்கே எந்தப் பட்டனும் உதவாது, ஹேண்ட் பிரேக் உதவும்.