கப்பல் சாண்டோரினியில் ஒரு பகல்தான் நிற்கும். 12 பேர் எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கிரீஸின் சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையைத் தொடாது. கடலில் நிற்கும், சிறு படகில்தான் இறங்க வேண்டும். இதை மறந்து நேரக்கணக்குப் போட்டால் திட்டம் அங்கேயே கெட்டுவிடும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போகிறவர்களைப் பெரும்பாலும் அத்தினியோஸ் துறைமுகத்தில் இறக்குவார்கள். பேருந்து அங்கேயே நிற்கும். சொந்தமாகப் போகிறவர்களுக்குப் பழைய துறைமுகம். அங்கிருந்து மேலே ஃபீரா ஊருக்குச் சாலை கிடையாது. கேபிள் கார், ஏறத்தாழ 580 படிகள், இல்லையென்றால் கழுதை. படியில் சாணம் வழுக்கும், முதியவர்களுக்கு வேண்டாம். கேபிள் காரில் பெட்டிக்கு 6 பேர், உங்களுக்கு இரண்டு பெட்டி போதும். பயணம் சில நிமிடம்தான், வரிசைதான் நேரத்தைத் தின்னும்.

டாக்சியை நம்பாதீர்கள், தீவில் அவை குறைவு, 12 பேருக்கு மூன்று தேவைப்படும். ஓட்டுநரோடு மினி பஸ்ஸை முன்பே பதிவு செய்யுங்கள். கேபிள் காரின் மேல் நிலையம் நடைபாதைப் பகுதியில் இருக்கிறது. எனவே சந்திக்கும் இடத்தைச் சாலையோரமாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதலில் இயா என்ற ஊர், பிறகு ஃபீரா. ஃபீராவிலிருந்து இயா அரை மணி தொலைவு. தாமதமானால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். ஃபீராவில் இருந்தால் படியிறங்கியாவது படகைப் பிடிக்கலாம். மாலையில் கீழிறங்கும் வரிசை ஒரு மணி நேரத்தையும் தாண்டும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தையே வையுங்கள். சில சமயம் அது உள்ளூர் நேரத்தோடு ஒத்துப்போகாது.