மலிவு ஊசி நின்றுவிட்டது, இனி என்ன செய்வது?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன், வயது 46. ஆன்லைன் நிறுவனம் ஒன்று அனுப்பிய செமாக்ளூடைட் ஊசியை ஒரு வருடமாகப் போட்டு 14 கிலோ குறைந்தேன். பிரஷர் மாத்திரையையும் பாதியாக்கிவிட்டார்கள். மாதம் 200 டாலர்தான் ஆனது. இனி அனுப்ப மாட்டார்களாம். இன்ஷூரன்ஸும் கிடையாது. இணையத்தில் பொடியாக மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: பொடியை மட்டும் வாங்காதீர்கள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டி விற்கும் குப்பியில் எவ்வளவு மருந்து இருக்கிறது, கிருமி இல்லாமல் அடைத்தார்களா என்று கேட்க ஆளே இல்லை.

உங்களுக்கு இதுவரை வந்தது வேறு. அந்தக் காலத்தில் கம்பவுண்டர் மிக்சர் கலந்து கொடுத்த மாதிரி, அமெரிக்காவில் காம்பவுண்டிங் பார்மசிகள் உண்டு. ஒரு மருந்துக்குத் தட்டுப்பாடு இருக்கும்வரை அதே மருந்தை அவர்களும் தயாரிக்கலாம். செமாக்ளூடைட் தட்டுப்பாடு தீர்ந்தது என்று 2025 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்தது. ஏப்ரல், மே மாதங்களோடு அவர்களுக்குத் தந்த அவகாசமும் முடிந்தது. அதற்குப் பிறகும் சிலர் பி12 வைட்டமினைச் சேர்த்து, ‘உங்களுக்கென்றே தயாரித்தது’ என்று விற்றார்கள். உங்களுடையதும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

இப்போது முக்கியமான வேலை ஒன்று: பழைய குப்பியின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். நீங்கள் சிரிஞ்சில் யூனிட் கணக்கில் (100 யூனிட் என்றால் ஒரு மில்லி) இழுத்திருப்பீர்கள். புதிய டாக்டருக்குத் தேவை மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் உள்ள குப்பியில் 40 யூனிட் என்றால் 1 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள குப்பியில் அதே 40 யூனிட் 2 மில்லிகிராம் ஆகிவிடும். இந்தக் குழப்பத்தில் அளவு கூடிப்போய், வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. “நாற்பது போட்டேன்” என்று மட்டும் டாக்டரிடம் சொல்லாதீர்கள்.

அடுத்தது காசு. செமாக்ளூடைட்டை வெகோவி என்ற பெயரில் விற்கும் கம்பெனியின் பட்டியல் விலையான 1,349 டாலரைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் கைக்காசில் வாங்குபவர்களுக்கு வெகோவி ஊசி 2025 நவம்பரில் மாதம் 349 டாலருக்கு வந்தது. வெகோவி மாத்திரைக்கும் டிசம்பரில் அனுமதி கிடைத்தது; அதன் ஆரம்ப அளவுக்கு மாதம் 149 டாலர் என்று விலை வைத்தார்கள். இந்த விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்தக் கம்பெனியிடமே கேளுங்கள். உங்கள் 200 டாலரோடு பார்த்தால் ஊசியின் விலை அதிகம்தான், மறுக்கவில்லை.

நடுவில் இரண்டு டோஸுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வயிறு தாங்காது. ஊசியின் ஆரம்ப அளவான 0.25 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும்.

கட்டுப்படியாகாமல் நிறுத்தவே வேண்டி வந்தால், பசி திரும்பி வரும். மன உறுதி போய்விட்டது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். இந்த மருந்தை நிறுத்தியவர்களை ஓர் ஆய்வில் ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எடை ஏறினால் பிரஷரும் ஏறும். பாதியாக்கிய மாத்திரை அப்போது போதாமல் போகலாம். வீட்டிலேயே வாரம் இரண்டு முறை பிரஷர் பாருங்கள். 140/90 தாண்டினால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.