பல் பிந்தினால் கல்சியமா குறை?

அன்புள்ள ஐயா,

என் பேத்திக்கு 13 மாதம். இன்னும் ஒரு பல்லும் முளைக்கவில்லை. பல்லுக்கொழுக்கட்டைக்கு எப்ப கூப்பிடப் போறீங்கள் என்று அயலில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது முரசு வீங்கி, பல் தீட்டும்போதெல்லாம் இரத்தம் வந்தது, இப்போதும் வருகிறது. தாயின் பல்லிலிருந்த கல்சியத்தைப் பிள்ளை எடுத்தும் போதவில்லை, அதுதான் பல் வரவில்லை என்கிறா சம்பந்தியம்மா. எல்லாம் ஓமோன் என்கிறார் மருமகன். கல்சியப் பாணி கொடுக்கலாமா?

ஒரு வாசகி, கோப்பாய்

அன்புள்ள அம்மா,

வைத்தியர் சொல்லாமல் பாணி வேண்டாம். வளர்ந்தவரின் பல்லிலிருந்து கல்சியத்தைத் திரும்ப இரத்தத்துக்குக் கொண்டுபோக உடம்பில் வழியில்லை. பல்லின் வெளிப்படையான எனாமலில் உயிருள்ள கலமே கிடையாது. கல்சியம் தேவைப்பட்டால் உடம்பு எலும்பில்தான் கைவைக்கும்.

மருமகன் சொல்வது முக்கால்வாசி சரி. பல்லைவிட, பல்லைத் தாங்கும் திசுக்களில்தான் ஓமோன்களின் ஆட்சி அதிகம். முரசு, தாடை எலும்பின் குழி, வேரைப் போர்த்திய சீமெண்டம், வேரையும் குழியையும் பிணைக்கும் நார்ப்படை ஆகிய நாலும்தான் அவை. அந்த நார்ப்படையின் தடிப்பு ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர், நாம் கடிக்கும் கடியின் பாரமெல்லாம் அதில்தான் இறங்குகிறது. தாடைக்குள் வளரும் பல்லைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கும். சீமெண்டமும் நார்களும் குழியின் எலும்பும் அதிலிருந்துதான் உருவாகின்றன.

பல் வெளியே வர, மேலே மூடியிருக்கும் எலும்பு முதலில் கரைந்து வழிவிட வேண்டும். அதற்கான உத்தரவு பல்முளையிலிருந்தே போகிறது. கொண்டுபோவது, கழுத்துச் சுரப்பிகளில் சுரக்கும் பரா தைரொயிட் ஓமோனுக்கு உறவான ஒரு புரதம். இந்தப் புரதம் கழுத்திலிருந்து வருவதல்ல, பல் வளரும் இடத்திலேயே சுரப்பது. அது எட்டியதும் பையின் கலங்கள் எலும்பு கரைக்கும் கலங்களை வரவழைக்கின்றன. 1998இல் வெளியான ஆய்வொன்றில், இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குப் பல் உருவானது, ஆனால் எலும்புக்குள்ளேயே கிடந்துவிட்டது. மனிதரிலும் இதற்கு ஈடான ஒரு நோய் உண்டு. அந்தப் புரதத்தை ஏற்கும் வாங்கியின் மரபணு பழுதானால் கடைவாய்ப்பற்கள் பாதியில் நின்றுவிடும்; கம்பி போட்டு இழுத்தாலும் அசையாமல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். மிக அரிதானது. பேத்திக்கும் இதுதானோ என்று இரவு முழுக்க யோசிக்க வேண்டாம்!

தைரொயிட் ஓமோன் குறைந்தாலும் பல் பிந்தும். ஆனால் அப்போது பல் மட்டும் பிந்தாது. உயரமும் நடையும் பேச்சும் சேர்ந்தே பிந்தும். கிளினிக்கில் தந்த வளர்ச்சி அட்டையைப் பாருங்கள். நிறை கோட்டோடு ஏறி, பிள்ளையும் பிடித்தெழும்பி நிற்கிறாள் என்றால் பொறுத்திருக்கலாம். 18 மாதமாகியும் ஒன்றும் இல்லையென்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மருமகனுக்கு எத்தனை மாதத்தில் முளைத்தது என்று சம்பந்தியம்மாவிடமே கேட்டுப் பாருங்களேன். பிந்தி முளைப்பது பெரும்பாலும் பரம்பரை.

மகளின் முரசு வேறு கதை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்தரோனும் பலமடங்கு ஏறும். முரசின் நுண்குழாய்கள் விரிந்து கசியும். பிரெவொட்டெல்லா இன்டர்மீடியா என்ற கிருமி, தனக்கு வேண்டிய வைட்டமின் கே-க்குப் பதிலாக இந்த ஓமோன்களையே பயன்படுத்திப் பெருகக்கூடியது. என்றாலும் பல்லோரத்தில் அழுக்குப்படை இல்லாமல் ஓமோன் மட்டும் முரசைப் புண்ணாக்குவது அரிது. இரத்தத்தைக் கண்டு பிரஷை விட்டுவிட்டு விரலால் தேய்ப்பவர்கள் அந்தப் படையைத்தான் வளர்க்கிறார்கள். மெல்லிய பிரஷால் முரசோரம்வரை தீட்டச் சொல்லுங்கள்.

பிள்ளை பிறந்து சில மாதங்களில் இது அடங்கியிருக்க வேண்டும். 13 மாதமாகியும் நிற்கவில்லை என்றால் கர்ப்பத்தின் தலையில் இனிப் பழி போட முடியாது. கர்ப்பத்தில் சீனி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு முரசு அழற்சி கூடும், பல்லைத் தாங்கும் எலும்பும் வேகமாகக் கரையும். பல் வைத்தியரிடம் போய் அழுக்கை எடுப்பிக்கட்டும். அதோடு வெறும் வயிற்றில் இரத்தச் சீனியையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.