உல்லாசக் கப்பலில் பயணிகளை அதிகம் எரிச்சலூட்டுவது எது?

சந்தேகமே இல்லை, துவாய் போட்டு இடம் பிடிப்பதுதான். விடியற்காலையிலேயே நீச்சல் குளத்தருகே சாய்வு நாற்காலிகளில் துவாயை விரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். நாற்காலி மத்தியானம் வரை சும்மா வெயில் காயும். சில கம்பனிகளில் கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் ஊழியர்களே துவாயை எடுத்துவிடுவார்கள். நல்ல வேலை!

அடுத்தது, கை கழுவாமல் பஃபே கரண்டியைத் தொடுவது. வெறும் அருவருப்பு இல்லை, வாந்தி, வயிற்றோட்டம் உண்டாக்கும் நோரோ வைரஸ் அப்படியும் பரவும். அதற்கு சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது, சவர்க்காரம்தான் வேண்டும்.

லிப்டில் முண்டியடிப்பதா? கொழும்பில் பார்க்காததா, விடுங்கள்.

அப்புறம், இங்கே கொழும்பில் இறங்கிப் புறக்கோட்டைக் கடைத்தெருவில் சாமான் வாங்கிவிட்டுப் பிந்தி ஓடிவருபவர்கள். கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா என்றால் பொதுவாகக் காத்திருப்பார்கள். தனியாகப் போனால், காலி வீதி (Galle Road) வாகன நெரிசலையும் கணக்கில் எடுங்கள்.