அடியைத் திருப்பிப் பாருங்கள்
கண்ணாடி அலுமாரி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் பித்தளைக் குத்துவிளக்குகளைப் பற்றி எழுதியபோது, என் அலுமாரியில் இருக்கும் ஒரு கண்ணாடி ஆந்தையையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். குத்துவிளக்கைப் பற்றி இரண்டு கடிதங்கள் வந்தன. ஆந்தையைப் பற்றிப் பதினேழு! எனக்கு அதில் வியப்பில்லை. ஒஸ்லோவிலோ கோப்பன்ஹேகனிலோ ஸ்டொக்ஹோமிலோ ஓர் உறவினராவது இல்லாத தமிழ் வீடு கொழும்பில் குறைவு. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே, துவாயில் சுற்றி ஒரு கண்ணாடிப் பொருளும் வரும். அதை யன்னலோரம் வைத்துவிட்டு மறந்துவிடுகிறோம். இந்த மாதம் முழுவதும் அந்தக் கடிதங்களுக்கே.

*கேள்வி: காலமான என் பெரியப்பா 1980களில் நோர்வேயிலிருந்து ஒரு கண்ணாடிப் பறவை கொண்டுவந்தார். நீல நிற உடல், அலகு மட்டும் வேறு நிறம். வயிற்றின் அடியில் ஊசியால் கீறியது போன்ற எழுத்துகள் உள்ளன. ‘தொய்க்கா’ என்ற சொல்லை வாசிக்க முடிகிறது. அடுத்த சொல்லில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள். இது நோர்வேக் கண்ணாடியா? – வாசகி, வெள்ளவத்தை*

இல்லை அம்மா. பெரியப்பா நோர்வேயில் வாங்கியிருக்கலாம். பறவை பிறந்தது பின்லாந்தில். ஒய்வா தொய்க்கா (1931–2019) அந்த நாட்டின் பெரும் கண்ணாடிக் கலைஞர்களில் ஒருவர். 1972இல் ‘சியெப்போ’ என்ற சிறு பறவையோடு தொடங்கி, வாழ்நாள் முழுவதும் பறவைகளாகவே வடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் வாசிக்கத் திணறிய இரண்டாவது சொல் ‘நூத்தாயார்வி’ ஆகத்தான் இருக்க வேண்டும். 1793இல் தொடங்கிய கண்ணாடிப் பட்டறை அது. 2014இல் அந்த உலையை அணைத்துவிட்டார்கள். தொய்க்காவின் பறவைகளை இப்போது ஈத்தாலா என்ற பெயரில் விற்கிறார்கள். அதுவும் 1881இல் தொடங்கிய பழைய பின்லாந்துப் பட்டறைதான்.

அந்த இரண்டு புள்ளிகளைக் கவனித்து எழுதியதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும். ‘ஏ’, ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளிகள் இருந்தால் பின்லாந்து அல்லது சுவீடன் என்று தேடத் தொடங்கலாம். ஜேர்மன் மொழியிலும் அப்புள்ளிகள் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஓ’வின் குறுக்கே சாய்கோடு ஓடினால் டென்மார்க் அல்லது நோர்வே. ‘ஏ’யின் தலையில் சிறு வளையம் இருந்தால் அதை ‘ஓ’ என்று உச்சரிக்க வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பெயர்கள் பிடிபட்டுவிடும்.

கண்டிப்பாகப் பார்த்தால் பின்லாந்து ஸ்கண்டினேவியாவில் சேராது. ஆனால் கண்ணாடி சேர்ப்பவர்கள் அதைப் பிரித்துப் பேசுவதில்லை, நானும் பிரிக்கப்போவதில்லை.

இப்போது அந்தப் பறவையை மாலை நான்கு மணி வெயிலில் யன்னலருகே பிடித்துப் பாருங்கள். அது அச்சில் வார்த்ததல்ல, வாயால் ஊதியது. அலகு உடலோடு சேரும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், தனியாக ஒட்டிய சூடான கண்ணாடித் துளியை இடுக்கியால் இழுத்திருப்பது தெரியும். இணைப்பில் கோடு இருக்காது. உருகிய நெய் உறைந்தது போல ஒரு நிறம் மற்றதற்குள் இறங்கியிருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு பறவைகளை அருகருகே வைத்தால் ஒன்றின் தலை சற்றுக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். அது குறையல்ல. ஊதியவரின் மூச்சும் அன்றைய உலைச் சூடும் அந்தச் சாய்வில் இருக்கின்றன. வார்த்த போலியில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு முதுகிலோ வயிற்றிலோ மெல்லியதாக ஓடும். விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும்.

*கேள்வி: ஞாயிறு ஏலம் ஒன்றில், நாட்டைவிட்டுப் போகும் வெளிநாட்டுக் குடும்பத்தின் சாமான்களோடு ஒரு தடித்த கண்ணாடிக் கட்டியை எடுத்தேன். உள்ளே ஆந்தையின் முகம். இத்தாலியின் முரானோ என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆந்தையைக் கண்ணாடிக்குள் எப்படி வைத்தார்கள்? – வாசகர், தெகிவளை*

நான் இருபத்தேழு ஆண்டுகள் ஓர் ஏலக் கூடத்தில் பதிவேடு எழுதியவள். நிறமுள்ள கண்ணாடி எது வந்தாலும் ‘முரானோ’ என்றும், நிறமில்லாதது எது வந்தாலும் செக் நாட்டின் ‘பொஹீமியா’ என்றும் எழுதச் சொல்வார்கள். ஆகவே ஏலச் சீட்டில் உள்ள சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள்.

ஆந்தை உள்ளே இல்லை. கட்டியைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவுங்கள். பள்ளமும் மேடுமாக ஆந்தை அங்கேதான் இருக்கிறது, பனி படிந்தது போலச் சொரசொரப்பாக. முன்புறத்தை மழமழவென்று மெருகேற்றியிருப்பதால், முன்னாலிருந்து பார்க்கும்போது அந்தப் பள்ளம் முப்பரிமாணமாக எழுந்து கண்ணாடியின் நடுவில் நிற்பது போலத் தெரிகிறது. இந்த வகையில் உலகமெங்கும் பெயர் பெற்றவர் சுவீடனின் மாட்ஸ் யொனாசொன். பட்டறையின் பெயர் மோலெரோஸ். நான் மேலே சொன்ன வளையம் அந்தப் பெயரில் இரண்டு இடத்தில் வரும். அடிப்பக்க ஓரத்தில் கையெழுத்தும் எண்ணும் பொறித்திருக்கிறதா என்று டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். நேராக அடித்தால் தெரியாது.

மோலெரோஸ் இருப்பது தென் சுவீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில். உலைக்கு விறகு தரும் பெருங்காடு இருந்ததால் அங்கே பட்டறைகள் பெருகின. அந்தப் பகுதிக்கே ‘கண்ணாடி இராச்சியம்’ என்று பெயர். 1742இல் தொடங்கிய கொஸ்டா அங்கேதான் இருக்கிறது. கொஸ்குல், ஸ்டால் என்ற இரு இராணுவ அதிகாரிகளின் பெயர்த் தொடக்கங்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. 1898இல் கண்ணாடி செய்யத் தொடங்கிய ஒரெபோர்ஸும் அதே பகுதிதான்.

உங்கள் கட்டி போன்ற கனமான பொருளில் ஈயம் சேர்ந்திருக்கிறதா என்று அறிய இன்னொரு சோதனை இருக்கிறது. அதற்குச் சமையலறைத் தராசு போதும். முதலில் பொருளை உலர்ந்தபடி நிறுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதைத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூச்சியமாக்குங்கள். பொருளைத் தங்கூசியில் (நைலோன் நூலில்) கட்டி முழுவதும் மூழ்கும்படி தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம் எவ்வளவோ, அவ்வளவு கன சென்ரிமீற்றர் அதன் கனவளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி வரும். என் ஆந்தை உலர்ந்தபடி 870 கிராம். தண்ணீரில் தொங்கியபோது 290 காட்டியது. வகுத்தால் 3. சாதாரணக் கண்ணாடி 2.5 அளவில்தான் வரும். 1969ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி 24 சதவீத ஈய ஒக்சைட் சேர்ந்த கிறிஸ்டல் குறைந்தது 2.9ஆகவும், 30 சதவீதம் சேர்ந்தது குறைந்தது 3ஆகவும் இருக்க வேண்டும். இந்தச் சோதனை ஈயத்தைச் சொல்லும், நாட்டைச் சொல்லாது. அயர்லாந்திலும் செக் நாட்டிலும் ஈயக் கிறிஸ்டல் தாராளமாகச் செய்தார்கள். உள்ளே காற்று அடைபட்ட ஊதிய பறவைகளுக்கு இது பொருந்தாது. ஸ்டிக்கர் இருந்தால் தண்ணீரில் இறக்கவே வேண்டாம்.

முரானோ என்ற சொல் முழுப் பிழையாகாத ஓர் இடமும் உண்டு. முரானோவிலிருந்து சுவீடனுக்குப் போன மார்கொலின் குடும்பத்தார் ரொன்னெபி என்ற ஊரில் பட்டறை வைத்து, அன்னங்களும் வாத்துகளும் மீன்களுமாகச் செய்தார்கள். இத்தாலியக் கை, சுவீடன் உலை. அவற்றின் நீண்டு வளையும் கழுத்தைப் பார்த்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

*கேள்வி: என் மீனுக்கு ஸ்டிக்கர் பாதி கிழிந்துவிட்டது. கையெழுத்து இருக்கிறது. எதை நம்புவது? – வாசகர், கொட்டாஞ்சேனை*

ஸ்டிக்கரை ஒரு பொருளிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்டலாம். கையெழுத்தையும் யாரும் கீறலாம். நான் நம்புவது அடியின் தேய்மானத்தைத்தான்.

இதற்கு நான் கொடுத்த விலை பெரிது. 1990களில் கொழும்புக் கடை ஒன்றில் ஒரு கனத்த மீனை வாங்கினேன். அடியில் ‘ஒரெபோர்ஸ்’ என்று எழுதியிருந்தது. இரண்டு மாதச் சம்பளம். வீட்டுக்கு வந்து விளக்கின் கீழ் திருப்பியபோதுதான் கண்டேன். நாற்பது ஆண்டுகள் மேசையில் இருந்த பொருளின் அடியில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசைகளிலும் ஓடும். அவை எழுத்தின் மேலாகவும் ஓட வேண்டும். என் மீனில் எழுத்துகள் அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு போயின. அப்படியானால் பொருள் தேய்ந்த பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுத்தின் பள்ளத்தில் வெண்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. கோடுகள், கண்ணாடியில் கீறும் மின்பேனாவின் அதிர்வில் புள்ளி புள்ளியாக நடுங்கின. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. அந்த மீன் இன்னும் என்னிடம் இருக்கிறது. கற்றுக்கொள்ள வருபவர்களிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

உண்மையான பட்டறைக் கையெழுத்து பெயரோடு நிற்பது குறைவு. ஒரெபோர்ஸில் பெரும்பாலும் வடிவமைத்தவரைக் குறிக்கும் எழுத்தும் ஓர் எண்ணும் தொடரும். சிமொன் காட்டேக்கு ‘ஜி’, எட்வர்ட் ஹால்டுக்கு ‘எச்’. 1950இல் கொஸ்டாவுக்கு வந்த விக்கே லிண்ட்ஸ்ட்ராண்டின் பொருள்களில் ‘எல்எச்’ என்று இருந்தால் உலை வாயில் சூட்டோடு வடித்தது, ‘எல்ஜி’ என்றால் செதுக்கியது, ‘எல்எஸ்’ என்றால் பட்டை தீட்டியது. கையெழுத்து சொல்லும் வேலையும் பொருளில் தெரியும் வேலையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ‘செதுக்கியது’ என்று அடியில் எழுதிவிட்டு மேலே ஒரு செதுக்கலும் இல்லாவிட்டால் விலகிவிடுங்கள்.

அடியின் நடுவையும் பாருங்கள். ஊதும்போது பொருளை இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பார்கள். கம்பியை முறித்த இடத்தில் தழும்பு நிற்கும். நல்ல பட்டறைகள் பலவும் அதைத் தேய்த்து, நாணயம் அளவு மெருகான குழியாக்கிவிடும்.

*கேள்வி: டென்மார்க்கிலிருந்து தங்கை அனுப்பிய கண்ணாடி வாத்துக்கு என்ன விலை சொல்லலாம்? – வாசகி, கொள்ளுப்பிட்டி*

பார்க்காத பொருளுக்கு நான் விலை சொல்வதில்லை. அலகு நுனியையும் வால் நுனியையும் விரலால் தொட்டுப் பாருங்கள். உருண்டு முடியாமல் தட்டையாக, மங்கலாக இருந்தால் உடைந்த நுனியைத் தேய்த்திருக்கிறார்கள். விலை பெரிதும் இறங்கும். அடியில் ‘ஹொல்மெகோர்’ என்ற பெயரும் ‘பி’, ‘எல்’ சேர்ந்த முத்திரையும் இருந்தால் விற்க முன் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அது 1825இல் தொடங்கிய பட்டறை, முத்திரை அங்கே வடிவமைத்த பெர் லூட்கெனுடையது.

*கேள்வி: யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி மான் வெண்மையாக மங்கிவிட்டது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. – வாசகர், பம்பலப்பிட்டி*

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கழுவித் துடைக்காமல் வைத்திருந்தால் அந்தப் படிவாக இருக்கலாம். வெள்ளை வினாகிரியில் பஞ்சை நனைத்து, ஒரு மூலையில் பத்து நிமிடம் வையுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு. இளஞ்சூட்டு நீரில் கழுவி, பருத்தித் துணியால் உடனே துடையுங்கள்.

தெளியாவிட்டால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்திருக்கிறது. ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தை வெளியே இழுக்கும்; அது நடந்த பிறகு எந்தச் சவர்க்காரமும் உதவாது. பூட்டிய வீட்டில், பத்திரிகைத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்காக வைப்பது மிகக் கெட்டது. தாள் ஈரத்தைக் குடித்துக் கண்ணாடியோடு ஒட்ட வைத்திருக்கும். கொழும்பின் கடற்காற்றிலும் இதே கவனம் வேண்டும். வாரம் ஒரு நாள் அலுமாரிக் கதவைத் திறந்து வைக்கிறேன்.

*கேள்வி: எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்கு அருகில். ஒவ்வொரு ரயிலுக்கும் கண்ணாடித் தட்டு அதிர்கிறது. காலையில் நடுவில் வைத்த பறவை மாலையில் ஓரத்தில் நிற்கிறது! – வாசகி, வெள்ளவத்தை*

என் வீடும் அங்கேதான். பாணந்துறை ரயில் போகும்போது என் அலுமாரி முழுவதும் ஒரு மெல்லிய ஓசை எழுப்பும். முதல் வேலையாகக் கண்ணாடித் தட்டுகளை மரத் தட்டுகளாக மாற்றினேன். கண்ணாடிமேல் கண்ணாடி எளிதில் வழுக்கும். பிறகு பொருள்களுக்கிடையே மூன்று விரல் இடைவெளி விட்டேன். ஒன்றையொன்று தொட்டால் அதிர்வில் விளிம்புதான் முதலில் உதிரும்.

கனமில்லாத பறவைகளுக்குத் தேன்மெழுகு வைக்கிறேன். உளுந்தளவு மூன்று உருண்டைகளைக் கைச்சூட்டில் பிசைந்து அடியில் முக்கோணமாக ஒட்டி, மெதுவாக அழுத்துங்கள். வயிற்றில் கையெழுத்து இருந்தால் அதன் மேல் மெழுகு படக் கூடாது. எடுக்கும்போது மேலே இழுக்க வேண்டாம். உடலைப் பிடித்து மெல்லத் திருகினால் தானாக விடும். அலகைப் பிடித்துத் திருகாதீர்கள்.