பாம்புக் கொடியும் பக்கத்து வீட்டுக்காரரும்

அன்புள்ள சார்,

நான் ஒஹாயோவில், கொலம்பஸுக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். தங்கமான மனிதர். பனி கொட்டினால் தன் வாசலோடு என் வாசலையும் வழித்துவிட்டுத்தான் உள்ளே போவார். அவர் வீட்டு முன்னால் மஞ்சள் கொடி ஒன்று எப்போதும் பறக்கும். நடுவில் சுருண்ட பாம்பு, கீழே 'என்னை மிதிக்காதே' என்ற வாசகம். வரி, துப்பாக்கிச் சட்டம், முகக்கவசம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் "அரசாங்கம் என் வாசப்படியைத் தாண்டக் கூடாது" என்பார்.

2023 நவம்பரில் இங்கே இரண்டு கேள்விகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்ப்பதா என்பது ஒன்று. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவதா என்பது இன்னொன்று. சர்ச்சில் கொடுத்த கருக்கலைப்பு எதிர்ப்புப் பலகையைக் கொடிக்கம்பத்துக்குக் கீழேயே நட்டுவைத்தார். ஆனால் கஞ்சாவுக்கு 'ஆம்' என்று ஓட்டுப் போட்டாராம். அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இங்குள்ள நண்பர்கள் இதைச் சுத்தப் போலித்தனம் என்கிறார்கள். என் பர்ஸில் கை வைக்காதே என்பவர்கள் அடுத்தவர் படுக்கையறைக்குள் மட்டும் போலீஸை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லிவிட மனம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

போலித்தனம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர்களுக்கு அது வசதி. நீங்கள் அந்த மனிதரை தினமும் பார்க்கிறவர், அதனால் உங்களுக்கு அது போதவில்லை.

முதலில் ஒன்று. இந்த முரண்பாட்டை உரசிப் பார்க்கக் கருக்கலைப்பு நல்ல உரைகல் கிடையாது. கருவில் இருப்பது இன்னொரு மனித உயிர் என்று நம்புகிறவர், அதைக் காப்பாற்றச் சட்டம் கேட்கும்போது யாருடைய படுக்கையறையிலும் நுழைவதாக நினைப்பதில்லை. ஒரு கொலையைத் தடுப்பதாகவே நினைக்கிறார். இதில் லிபர்டேரியன்கள் எனப்படும் தனிமனித சுதந்திரவாதிகளே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். 1988இல் லிபர்டேரியன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற ரான் பால், போதைப்பொருளுக்கு எதிரான மத்திய அரசின் போரையே நிறுத்த வேண்டும் என்றவர். கருக்கலைப்பைக் கடைசிவரை எதிர்த்தவரும் அவர்தான். தொழில், மகப்பேறு மருத்துவம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டு ஓட்டுகளும் அவருடைய கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன.

அப்படியென்றால் முரண்பாடே இல்லையா? இருக்கிறது. அந்தக் கொடியில் உள்ள 'என்னை' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கடைசியில் வருகிறேன்.

அமெரிக்க வலதுசாரி என்பது இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் ஒரு வீடு, இரண்டு அடுப்பு. 1955இல் வில்லியம் பக்லி 'நேஷனல் ரிவ்யூ' பத்திரிகையைத் தொடங்கியபோதே இரண்டு அடுப்பும் எரிய ஆரம்பித்துவிட்டன. ஒருபக்கம் சந்தை, வரிக்குறைப்பு, தனிமனிதன் என்றவர்கள். இன்னொருபக்கம் மதம், குடும்பம், மரபு என்றவர்கள். இவர்களை ஒரே பந்தியில் உட்காரவைக்கப் பார்த்தவர் அந்தப் பத்திரிகையில் எழுதிய பிராங்க் மேயர். ஆள் முன்னாள் கம்யூனிஸ்ட். நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் மலையோர வீடு. பகலில் தூங்கி, இரவெல்லாம் விழித்திருந்து, நாடு முழுக்க இருக்கும் நண்பர்களைத் தொலைபேசியில் எழுப்பி வாதம் செய்பவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தார்.

மேயரின் வாதம் சுருக்கமானது. மனித வாழ்வின் இலக்கு அறம்தான், அதில் மரபுவாதிகள் சொல்வது சரி. ஆனால் தடியால் அடித்துச் செய்யவைத்த அறம் அறமாகாது. தவறு செய்ய வழியிருந்தும் செய்யாதவனைத்தான் நல்லவன் என்று சொல்ல முடியும். ஆகவே அரசு ஒதுங்கி நிற்கட்டும், சர்ச்சும் குடும்பமும் தங்கள் வேலையைப் பார்க்கட்டும்.

இதை எதிர்த்து 1962இல் அதே பத்திரிகையில் எழுதினார் பிரென்ட் போஸல். பக்லியின் தங்கை கணவர், மேயரின் நண்பர். சுதந்திரமா அறமா என்று நேராகவே கேட்டார். தவறு செய்ய வாய்ப்பு அதிகம் இருந்தால்தான் அறம் உயரும் என்றால், மனிதனைச் சோதனைகளுக்கு நடுவே தள்ளிவிடுவதுதானே உத்தமம்? எந்தத் தகப்பனாவது பிள்ளையை அப்படி வளர்ப்பானா? அறத்தை எளிதாக்குவதுதான் நல்ல சமூகத்தின் வேலை என்பது அவர் கட்சி.

இதில் ஒரு வேடிக்கை. செனட்டர் பாரி கோல்ட்வாட்டர் பெயரில் 1960இல் ஒரு சிறிய புத்தகம் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்றது. அரசின் கையைக் கட்டு, தனிமனிதனை விடு என்று ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு மந்திரம் ஓதிய புத்தகம். அதை எழுதிக்கொடுத்தவர் இதே போஸல்தான். பிறகு குடும்பத்தோடு ஸ்பெயினில் தங்கி, சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியின் கத்தோலிக்க ஒழுங்கைப் பார்த்து மயங்கித் திரும்பியவருக்கு அமெரிக்க சுதந்திரமே நோயாகத் தெரிந்தது. மேயரோ, யூதக் குடும்பத்தில் பிறந்து, கம்யூனிசத்துக்குப் போய், சுதந்திரத்துக்கு வந்து, 1972இல் சாவதற்குச் சற்று முன்பு கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்றார். இவர்களைப் படிக்கும்போது கொள்கைகளைவிட மனிதர்கள்தான் சுவாரசியமானவர்கள் என்று தோன்றும்.

வாதத்தில் யார் ஜெயித்தது? தர்க்கத்தில் போஸல் என்பேன். நடைமுறையில் மேயர். காரணம் எளிது, வெளியே சோவியத் ரஷ்யா இருந்தது. பொது எதிரி இருக்கும்வரை அண்ணன் தம்பி பாகப்பிரிவினை பேசுவதில்லை. பேசியபோதும் அடிதடிதான். 1969இல் செயின்ட் லூயிஸில் பழமைவாத இளைஞர் அமைப்பின் மாநாட்டில் கட்டாய ராணுவச் சேவைக்கான அட்டையை ஒருவர் பற்றவைக்க, இரு தரப்பும் கைகலந்தன. 1971இல் லிபர்டேரியன்கள் தனிக் கட்சியே தொடங்கினார்கள்.

ரீகனைக் கேட்டால் இந்த விரிசலே இல்லை என்பார். 1975இல் பேட்டியொன்றில் பழமைவாதத்தின் உயிர்நாடியே லிபர்டேரியனிசம்தான் என்றார். கலிபோர்னியா ஆளுநராக 1967இல் கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்திலும், 1969இல் யார்மீதும் குற்றம் சுமத்தாமலே விவாகரத்துப் பெறும் சட்டத்திலும் கையெழுத்திட்டவர் அவர்தான். 1980 ஜனாதிபதித் தேர்தலில் மதப் பிரசங்கி ஜெர்ரி ஃபால்வெல்லின் மத வாக்குகள் அவருக்குப் பின்னால் திரண்டன. இதைத்தான் அரசியல் திறமை என்கிறார்கள்.

கோல்ட்வாட்டரால் அப்படிச் சிரித்து மழுப்ப முடியவில்லை. 1981இல், கருக்கலைப்பு விஷயத்தில் மதவாதிகள் நம்பாத சாண்ட்ரா டே ஓ'கானரை ரீகன் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது, நல்ல கிறிஸ்தவர்கள் எல்லாரும் கவலைப்பட வேண்டும் என்றார் ஃபால்வெல். நல்ல கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஃபால்வெல்லின் பின்புறத்தில் ஓர் உதை விட வேண்டும் என்று பதில் சொன்னார் கோல்ட்வாட்டர்.

சரி, விரிசல் முழுதாகத் திறந்த இடத்துக்கு வருகிறேன். 2005 மார்ச், புளோரிடா. டெர்ரி ஷைவோ என்ற பெண் 1990இல் இதயம் நின்று மூளை சிதைந்து, பதினைந்து வருடமாகக் குழாய் வழி உணவில் உயிரோடு இருந்தார். இப்படி வைத்திருப்பதை அவள் விரும்பியிருக்க மாட்டாள், குழாயை எடுத்துவிடலாம் என்றார் கணவர். கூடவே கூடாது என்றார்கள் கத்தோலிக்கப் பெற்றோர். மாநில நீதிமன்றம் கணவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி ஜார்ஜ் கிரீர் குடியரசுக் கட்சிக்காரர், பாப்டிஸ்ட். இந்தத் தீர்ப்புக்காகத் தான் போய்வந்த சர்ச்சிலிருந்தே விலக நேர்ந்தவர்.

மார்ச் 18 அன்று குழாய் எடுக்கப்பட்டது. 20ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு. அன்று செனட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்து ஒரு மசோதா நிறைவேறியது. நள்ளிரவு தாண்டி பிரதிநிதிகள் சபையில் 203க்கு 58. ஜனாதிபதி புஷ் டெக்சாஸ் பண்ணை வீட்டிலிருந்து அதற்காகவே வாஷிங்டன் திரும்பியிருந்தார். இரவு ஒன்று பதினொன்றுக்குக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு பெண்ணின் வழக்கை மத்திய நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பதற்காக ஒரு சட்டம்! மத்திய அரசு மாநிலத்தில் தலையிடாதே என்று ஐம்பது வருடம் பேசிய குடியரசுக் கட்சியின் வேலை இது. மூத்த புஷ் நியமித்த மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரே அந்தச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று எழுதினார். மார்ச் 31 அன்று டெர்ரி இறந்தார். கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலான மக்கள் நாடாளுமன்றம் செய்தது தப்பு என்றார்கள்.

இந்த வழக்கை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மனைவியின் விஷயத்தில் கணவன் சொல்லே கடைசிச் சொல் என்பது மரபுவாதியின் நிலை. தன் உடல் தன் விருப்பம் என்பது தனிமனிதவாதியின் நிலை. இரண்டும் இங்கே ஒரே பக்கம் நின்றன. ஆனாலும் மதப் பழமைவாதிகள் பெற்றோர் பக்கம் போனார்கள். காரணம், அங்கே வீடே இரண்டாக உடைந்திருந்தது. வீட்டுக்குள் யார் வீடு என்ற கேள்வி வந்துவிட்டது.

இப்போது அந்தக் கொடி. தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு, ஆங்கிலத்துக்கு இல்லாதது. 'நம்மை' வேறு, 'எங்களை' வேறு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கொடியில் 'என்னை' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அவர் வாசிப்பது 'எங்களை' என்று. அவர், அவர் மனைவி, பிள்ளைகள், சர்ச், அதிகம் போனால் அந்தத் தெரு. அவருக்குச் சுதந்திரத்தின் அலகு தனி ஆள் கிடையாது, வீடு. அந்த வீட்டுக்குள் அப்பாவோ பாதிரியாரோ போடும் கட்டுப்பாடு அவர் கணக்கில் அதிகாரமே இல்லை, அது வாழ்க்கை. தொலைவில் இருக்கும் வாஷிங்டன் போடுவதுதான் மிதிப்பது. அசல் லிபர்டேரியனுக்கோ 'என்னை' என்றால் என்னை மட்டும்தான். அப்பா மிதித்தாலும் மிதிதான். ஒரே கொடியை இருவரும் ஏற்றிக்கொண்டதால்தான் இத்தனை குழப்பம்.

அந்தக் கொடிக்குத் தன் பெயரைக் கொடுத்த கிறிஸ்டோபர் காட்ஸ்டனும் 'எங்களை' ஆள்தான். 1775இல் பிரிட்டிஷாரின் மிதியை எதிர்த்த தென் கரோலினாக்காரர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அவர் கட்டிய படகுத்துறையில்தான் பிற்பாடு ஆப்பிரிக்க அடிமைகள் பல்லாயிரக்கணக்கில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் அந்த 'எங்களை'யில் இல்லை.

ஆனால் 'எங்களை' எப்போதும் ஒரே பக்கம் சாய்வதும் இல்லை. 2022 ஆகஸ்ட் 2, கேன்சஸ். 1964க்குப் பிறகு எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சியைத் தேர்ந்தெடுக்காத மாநிலம். கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்குவதா என்று கேட்டார்கள். எதிர்த்தரப்பின் விளம்பரங்கள் பெண்ணுரிமை மொழியை அவ்வளவாகத் தொடவில்லை. முகக்கவசக் கட்டாயத்தை ஞாபகப்படுத்தி, இதோ அரசாங்கத்தின் இன்னொரு கட்டாயம் என்றன. அதாவது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மொழியிலேயே அவரிடம் பேசினார்கள். நீக்க வேண்டாம் என்று 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அடுத்த வருடம் உங்கள் ஒஹாயோவில் இரண்டு கேள்விக்கும் கிட்டத்தட்ட 57 சதவீதம் 'ஆம்' விழுந்தது. அந்த இரண்டு 57க்குள்ளும் பாம்புக் கொடி வீடுகள் நிச்சயம் இருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். 2023 ஜனவரி முதல் ஒஹாயோவில் விளையாட்டுப் பந்தயம் கட்டுவது சட்டபூர்வமாகிவிட்டது. சர்ச்சுகளில் முணுமுணுப்பு இருக்கும், செல்போனில் பந்தயம் கட்டும் பையன்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அடுத்த தடவை அவர் பனி வழிக்க வரும்போது ஒரு காப்பியைக் கொடுத்துவிட்டு, அதை அரசாங்கம் தடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம், அவருடைய பேரனே கட்டினால் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.